பெரிய வெள்ளியில் நீலச் சரிவு

பனிமலை உச்சியில், நீலச் சதுரம் போட்ட பலகைக்கு முன்னால் கத்தரின் ஸ்கீகளோடு நின்றுவிட்டாள்.

இந்தக் குளிர்காலம் முழுக்கப் பச்சை வட்டம் போட்ட சரிவில் இறங்கிப் பழகியவள். பச்சையில் குழந்தைகள் சறுக்குவார்கள், பேரப்பிள்ளை கண்டவர்களும் சறுக்குவார்கள். விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழும்பலாம். நீலம் அப்படியில்லை. மேலே நின்று பார்த்தால் பாதிக்குக் கீழே சரிவையே காணவில்லை, மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

கூட்டிக்கொண்டு வந்தவள் மனோன். ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒரே வார்டு, நோயாளிகளைத் தூக்கி இருத்துகிற வேலை. இனிப் பச்சையில் நீ பழக ஒன்றுமில்லை என்று பிரெஞ்சில் சொல்லி, கம்பியில் தொங்கிக்கொண்டு மலையேறுகிற கதிரையில் ஏற்றி மேலே கொண்டுவந்துவிட்டாள். கீழே காத்துக்கொண்டு நிற்பதாகச் சொன்னவள் கண்மூடித் திறப்பதற்குள் சறுக்கி மறைந்துவிட்டாள்.

விழுந்து கால் முறிந்தால் நோகுமே என்று கத்தரின் யோசிக்கவில்லை. முறிந்தால் ஆம்புலன்ஸ் வரும். ஆம்புலன்ஸ் வந்தால் புருசன் றொசானுக்குத் தகவல் போகும். வார்டில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பெண்சாதி மலையில் கிடக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

அதுவும் பெரிய வெள்ளியன்று.

தெரிந்த சனம் எல்லாம் ஒருசந்தி பிடித்துச் சிலுவைப்பாதைக்குப் போயிருக்கிற நாள். ஒருசந்தி என்றால் கத்தரினும்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர வாயில் ஒன்றும் வைக்கவில்லை. மனோன் நீட்டிய சொக்லேட்டையும் வேண்டாம் என்றுவிட்டாள். பொய் சொல்லிவிட்டு வந்து சறுக்கலாம், சொக்லேட் தின்றால்தான் பாவம் என்று அவளுக்குள் ஒரு நியாயம். அந்த நியாயம் ஆண்டவரிடம் எடுபடாது என்பது அவளுக்கே தெரியும்.

வெறும் வயிற்றோடு புதுச் சரிவில் ஏறி நின்ற ஆள் அந்த மலையிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தலை இலேசாகச் சுற்றியது.

ஸ்கீகளின் முனைகளைக் கிட்டவாக வைத்து, குதிகளை அகட்டி, சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினாள்.

முதல் வளைவில் அலறாத குறை. அடுத்ததில் மூச்சு வந்தது. அதற்கடுத்ததில் ஸ்கீ அவள் நினைத்த பக்கம் திரும்பியது. நம்பமுடியாமல் இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தாள், திரும்பியது. நாள் முழுக்க மற்றவர்களைத் தூக்கித் தூக்கி நொந்த முதுகை மறந்து, நாற்பது தாண்டிய வயதையும் மறந்து, அவளுக்குச் சந்தோசம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தச் சந்தோசம்தான் அவளைக் குத்தியது.

றொசானின் வலது காலுக்குள் இரும்புத் தகடு. வேலைக்குப் போன களஞ்சியத்தில் பாரம் சரிந்து விழுந்த நாளிலிருந்து கைத்தடிதான் துணை. நகரத்தில், வில்லரேப் பக்கம் அவர்கள் இருப்பது மேல்வீடு, ஏறி இறங்குவதற்கு வெளிப்பக்கத்து இரும்புப் படிகள். உறைபனி பிடித்த நாட்களில் அவன் ஒரு கையால் தடியையும் மறுகையால் கம்பியையும் பிடித்து, பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக இறங்குவான். அந்த மனிசனிடம் போய், நான் மலையிலிருந்து சறுக்கப் பழகுகிறேன், எனக்கு அது நல்லாப் பிடித்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

சொன்னால் போய்வா என்றுதான் சொல்வான். சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் இருந்துவிடுவான். அதைப் பார்க்கப் பயந்துதான் ஒவ்வொரு முறையும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டாள்.

பாதிச் சரிவில் ஃபோன் அடித்தது. றொசான்.

ஓரமாகப் போய் நின்று, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். வார்டில் தலைக்குமேல் வேலை, பிறகு எடுக்கிறேன் என்று மூச்சிரைக்கச் சொன்னாள். பொய் இப்போதெல்லாம் தடக்காமல் வந்தது.

தானும் அந்த வார்டு வாசலில்தான் நிற்பதாக றொசான் சொன்னான். சிலுவைப்பாதை முடிந்து வந்ததும், வெறும் வயிற்றோடு வேலை செய்கிறாளே என்று கஞ்சி காய்ச்சி, ஃபிளாஸ்கில் விட்டு, மெட்ரோ ஏறிக் கொண்டுவந்தானாம். அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை, கத்தரினுக்கு இன்றைக்கு லீவு, மனோனோடு ஸ்கீக்குப் போய்விட்டாள் என்று விகற்பமில்லாமல் சொல்லிவிட்டதாம்.

அவன் வீட்டு இரும்புப் படிகளில் இறங்கியிருக்கிறான். ஒரு கையில் தடி, ஒரு கையில் கஞ்சி. கம்பியைப் பிடிக்க அவனுக்குக் கை ஏது?

மூக்குக் கண்ணாடிபோல மாட்டியிருந்த பனிக்கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கியது. மன்னித்துக்கொள்ளச் சொன்னாள். இப்போதே ஸ்கீயைக் கழற்றிவிட்டு நடந்து இறங்குகிறேன், இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றாள். அழுகையில் பாதிச் சொல் விழுங்குப்பட்டது.

அவன் மறித்தான். இறங்க இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான்.

பாதி இருக்கிறது என்றாள்.

"அப்ப ஃபோனை வைக்காதேயும். பொக்கெற்றுக்குள்ள போட்டிட்டுச் சறுக்கிக்கொண்டே இறங்கும். அந்தச் சத்தத்தை நானும் ஒருக்காக் கேக்கிறன்."