நாக்பூர் வழியாக

விடிந்ததும் வந்த தந்தியை வேணு இரண்டு தரம் படித்தான். கல்கத்தாவில் வேலையாயிருந்த அண்ணன் ஆதிகேசவன், ஏரோப்ளேனில் வருவதாகத் தந்தி கொடுத்திருந்தான்.

கூடத்தில் அண்ணி அம்சாவைக் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் மத்தியானம் காய்ச்சலில் போய்விட்டாளாம். தாடைவரை மஞ்சள் துணி சுற்றி, அதன்மேல் கனமாக மாலை போட்டிருந்தது.

"ரயில்ல வர ரெண்டு நாளாவும்னு இருந்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டான் வேணு.

கூடத்து வாசற்படியருகே நின்றிருந்த பக்கத்து வீட்டு ஜமீல் அகமதுவிடம் போனான். யுத்த காலத்தில் அரக்கோணம் விமான மைதானத்தில் மெக்கானிக்காக இருந்தவர் அவர்.

"பாய், கல்கத்தாவுலேர்ந்து மெட்ராசு எத்தினி மைலு? ஏரோப்ளேன்ல எவ்ளோ நேரம் புடிக்கும்?"

ஜமீல் அம்சாவின் தாடைவரை ஏறியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவரை அண்ணே என்று கூப்பிடுகிறவள். முந்தின நாள் காலையிலும் கூப்பிட்டாள்; காய்ச்சல் என்று சொல்லவில்லை.

"எண்ணூறு, தொள்ளாயிரம் மைலு இருக்கும் நைனா. இன்னிக்குக் காலையில ஏறியிருப்பாரு. வெசாகப்பட்டணத்துல எறங்கி எண்ணெ போட்டுகினு, மீனம்பாக்கம் வர மத்தியானம் தாண்டிடும். கார் புடிச்சி இங்க வந்து சேர வெளக்கு வெச்சிடும்."

வேணு தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அண்ணன்மேல் இத்தனை பாசமா என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"புருஷங்காரன் ஒரு தபா மொகத்தப் பாக்கட்டுமேப்பா. இருக்கலாம்" என்றார் பங்காளி வேதாசலம்.

"இருட்டினப்புறம் எப்பிடி எடுக்கறது? நாளைக்கு வரைக்கும் ஒடம்பு தாங்காது பெரியப்பா. பதினோரு மணிக்கு எடுத்துடலாம். அதுக்குள்ள மொறையெல்லாம் கொறையில்லாம செஞ்சிடுவோம்" என்றான் வேணு.

சங்கு ஊதி, பாடை தெருமுனை திரும்பும்போது திருவள்ளூர் சாலையிலிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. ஆதிகேசவன் குதித்து இறங்கினான்.

"ராத்திரி தபால் ஏரோப்ளேனுங்க. நாக்பூர்ல மாறி விடியக்கால எறங்கிட்டாரு" என்றான் டிரைவர், யாரும் கேட்காமலே.

பாடையை இறக்கினார்கள். ஆதிகேசவன் மனைவியின் மேல் விழுந்து புரண்டான். மாலை அறுந்தது, மஞ்சள் துணி நழுவியது. கழுத்தைச் சுற்றிக் கயிற்றுத் தடம் கன்றிக் கறுத்துக் கிடந்தது.

அழுகை அப்படியே நின்றது. அந்தத் தடத்தை விரலால் தொட்டான். பிறகு தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தான். கூட்டம் வேணுவை விட்டு விலகி நின்றது.

வேணு பின்வாங்கியபோது ஜமீல்மேல் இடித்தான். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"ராத்திரில ஏரோப்ளேன் ஓடறது ஒனக்குத் தெரியாதா பாய்?"

ஜமீல் அந்தக் கையை மெல்லப் பிரித்து எடுத்தார்.

"தெரியும் நைனா. சொல்லியிருந்தா, காலையிலயே எரிச்சிருப்பியே!"