அச்சங்குளம் ஃபைல்

"ஒரு சான்றிதழுக்கு நாலு நடையா?" சாலமன்ராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அரசு அலுவலக வாசலில் நின்ற இருளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அச்சங்குளம் பட்டாசு விபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். அதற்கொரு சான்றிதழ் கொடுத்தால் மகள் வள்ளித்தாய்க்கு நர்சிங் காலேஜில் இலவச இடம்.

"நேத்தோட கடைசி நாள் போயிருச்சு சார். கேட்டா, 'எனக்கு வேலை பிடிபடல, மன்னிச்சிருங்கம்மா'ங்குது அந்தப் பிள்ளை."

அந்தப் பிள்ளை பானுப்பிரியா. நாலு மாதத்துக்கு முன் சாலமன்ராஜ் ஓய்வு பெற்றதும் அவர் நாற்காலிக்கு வந்தவள். முப்பது வருஷம் கட்டிக்காத்த பெயரை இப்படியா கெடுப்பது? விறுவிறுவென்று உள்ளே போனார்.

"ஏம்மா, வேலை தெரியலன்னா தெரிஞ்சவுககிட்டக் கேக்க வேண்டாமா?"

அவள் எழுந்து நின்றாள். "உக்காருங்க சார்." கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. மருந்துக்கும் ஒரு தமிழ் எழுத்து இல்லை. மேலே ஃபைலின் பெயர் மட்டும் இங்கிலீஷில்: அச்சங்குளம் விபத்து.

அவர் டைப் அடித்த ஃபைல்தான். விபத்தில் இறந்தவர்கள் விவரமெல்லாம் அதில்தான் இருந்தது. அவர் ஆசையாக வாங்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள். பென்டிரைவ் மாதிரி இருக்கும் அதன் குட்டிச் சாவியைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் எழுத்து தெரியும். அந்தச் சாவி இப்போதும் அவர் சட்டைப்பையில் கிடந்தது.

எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிற பொது வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி மூன்று வருஷத்துக்கு முன்பே உத்தரவு வந்தது. படித்துக் கையெழுத்தும் போட்டார். மாற்றவில்லை. எல்லோருக்கும் திறந்துவிட்டால் அப்புறம் சாலமன்ராஜை யார் தேடுவார்கள்?

"பேப்பர் இருக்குமே?"

"கரையான் அரிச்சிருச்சு சார். போன வாரம் ஒரு ஃபைல் திறக்கலன்னு போன்ல கேட்டேனே. 'நான் இல்லாம அங்கன ஒண்ணும் ஓடாதே'ன்னு சிரிச்சீக. மக வீட்டுல இருந்து வந்ததும் பாப்போம்னீக."

சிரித்தது ஞாபகம் வந்தது. எந்த ஃபைல், யாருக்கு என்றுகூட அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

"இதை அந்தம்மாகிட்டச் சொல்லலையா?"

"உங்க மேல ரொம்ப மரியாதை வச்சிருக்காக சார். அதைப் போயி நான் ஏன்..."

வெளியே வந்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் இருளம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க மட்டும் இங்கன இருந்திருந்தா, எம்மக திங்கக்கிழமை பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போக வேண்டியிருக்காது சார்."