இறங்காத துடிப்பு

நீச்சல் குளத்தின் விளிம்பைப் பிடித்தபடி அக்கா மூச்சு வாங்குகிறாள். காலை வெயில் தண்ணீரில் நெளிகிறது. கூடவே நீந்தி வந்த தங்கைக்கு அதற்குள் மூச்சு சீராகிவிட்டது. பயிற்சியாளர் குனிந்து அக்காவின் கழுத்தில் விரல்களை வைத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறார். சற்று ஓய்வு கொடுத்து மறுபடியும் பார்க்கிறார். துடிப்பு இறங்கவில்லை. “காய்ச்சல் முழுசா விட்டுடுச்சா?” “அதெல்லாம் சரியாயிடுச்சு சார்.” “அப்புறம் ஏன் இப்படி அடிச்சுக்குது? நாளைக்கு நீ இறங்க வேண்டாம்மா. தங்கச்சி நீந்தட்டும்.” நாளைய ரிலேயில் கடைசி ஆளாக நீந்த வேண்டியவள் அக்காதான். அவள் தன் நீச்சல் கண்ணாடியைக் கழற்றித் தங்கையிடம் நீட்டுகிறாள். “உன்னோடதுல தண்ணி புகுதுன்னியே, இதைப் போட்டுக்கோ.” தங்கை வாங்காமல் நிற்கிறாள். “பிடிடி, கை வலிக்குது” என்கிறாள் அக்கா.