காலி செய்த வீடுகள்

நகர எழுத்தர் வெர்னா அன்று பிற்பகல் அலுவலகத்தில் தனியே அமர்ந்து, விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் நெடுஞ்சாலையில் அமோனியா ஏற்றிவந்த லாரி கவிழ்ந்து, ஊருக்குள் நச்சுவாயு பரவியது. லாரிக்குரிய நிறுவனமோ திவாலாகிவிட்டது.

ஆதலால், பாழான பாதுகாப்பு உடைகள் முதல் ஊர்மக்களை வெளியேற்றிய செலவு வரை அனைத்தையும் மத்திய அரசிடம்தான் கேட்டுப் பெறவேண்டும். பெறாவிடில், அடுத்த விபத்தின்போது உடுத்திக்கொள்ளத் தீயணைப்பு நிலையத்தில் ஓர் உடையும் இராது.

சான்றில் ஒரு முரண் இருந்தாலும் கோப்பு திரும்பிவிடும். அதை வெர்னா முன்பே கண்டிருக்கிறார்.

தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர் டுவேன், சோளம் விதைத்த மண் ஒட்டிய பூட்ஸுடன் வந்து, அன்று யார் யாரை வெளியேற்றினார்கள் என்று தெருத்தெருவாக விவரம் சொன்னார்.

முன்பொரு சூறாவளி அடித்த காலத்திலிருந்தே அவ்வூரில் ஒரு வழக்கம். வீட்டைவிட்டு வெளியேறுவோர் கதவிடுக்கில் வெள்ளைத் துண்டொன்றைத் தொங்கவிட்டுச் செல்வர். துண்டு தொங்கும் கதவை எவரும் தட்டமாட்டார்.

தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஆட்டம் முடியாமல் நகரமாட்டேன் என்ற முதியவர் எல்மரை நாற்காலியோடு தூக்கிவந்த கதையைச் சொல்லி டுவேன் சிரித்தார்.

பிறகு, "உங்க வீட்டுக்கு நானேதான் வந்தேன் வெர்னா. முன்னாடியே துண்டு தொங்கிச்சு. எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா எங்களுக்கு என்ன வேலை? ஆமா, அன்னிக்கு எங்க போய்த் தங்குனீங்க?" என்றார்.

வெர்னா விண்ணப்பத்தைவிட்டு நிமிராமல் சொன்னார்:

"லிங்கன் நகரத்துல, தங்கச்சி வீட்ல."

டுவேன் தலையசைத்தார். விதைப்பு மிச்சமிருக்கிறதென்று சொல்லிப் புறப்பட்டார்.

வெளியேற்ற எல்லைக்குள் ஒருவரும் விடுபடவில்லை என்று எழுதி, வெர்னா கையொப்பமிட்டார்.

லாரி கவிழ்ந்த அன்று அவர் தம் வீட்டில்தான் இருந்தார். வாயு உள்ளே வராதிருக்க ஈரத்துண்டைக் கதவிடுக்கில் திணித்தபோது, அதன் முனை வெளியே நீண்டிருக்க வேண்டும்.

பூட்ஸ் ஒலி படியேறி வந்தது. தொண்டை எரிந்து குரல் எழாமல், கதவு தட்டப்படுவதற்காக அவர் காத்திருந்தார்.

ஒலி படியிறங்கிச் சென்றது.

அன்று எங்கே இருந்தீர்கள் என்று அவரை ஒருவர் கேட்டது இன்றுதான்.