நின்று கெட்ட எஞ்சின்

இமாஷ் ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அதே துளையின் மேல் தலைகீழாக வைத்தான். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் மூச்சில் மூடி படபடவென்று குதித்துக் கீழே உருண்டது.

"டூப்ளிகேட் ரிங்கைப் போட்டுட்டியாடா?" என்றார் ஷார்ஷென்.

வண்டியின் பின்னாலிருந்து வந்த நீலப் புகை பட்டறைக் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது.

மலையூரான நாரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு அவர் ஆள் ஏற்றிப் போகும் வேன் அது. போன கோடையில் அதன் எஞ்சினைப் பிரித்து பிஸ்டனுக்குப் புது ரிங் மாட்டிக் கொடுத்தவன் இமாஷ், அவர் மனைவி ஜூராகானின் தம்பி. பனிக்காலம் பாதி தாண்டவில்லை, அதற்குள் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது.

மச்சானும் மச்சானும் அடித்துக்கொள்ளக் கூடாதே என்று ஜூராகானும் கூட வந்திருந்தாள்.

இமாஷ் அடியில் படுத்துப் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் தெளிவாக இருந்தது. டர்போவின் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துடைத்தான். அங்கேயும் குற்றமில்லை.

"கறுப்பா வந்தா டீசல் கூடுதல். வெள்ளையா வந்தா தண்ணி. இது நீலம், ஆயில்தான் எரியுது. ரிங் வழியாத்தான் ஏறுது."

"அதைத்தானே நானும் சொல்றேன். உன் ரிங்."

இமாஷுக்குச் சுருக்கென்றது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"மச்சான், வண்டியை ஸ்டார்ட்டிங்லயே விட்டுட்டு எங்கயாவது நிக்கிறீங்களா?"

"இல்லயே."

"மணிக்கணக்கா?"

"இல்லைன்னு சொல்றேன்ல!"

"என்கிட்டப் பொய் சொல்லலாம், எஞ்சின்கிட்ட முடியாது. இது ஓடிக் கெட்டதில்ல மச்சான், நின்னு கெட்டது. புது ரிங் போட்டா நல்லா மிதிச்சு ஓட்டணும். சும்மா உறுமிக்கிட்டே நின்னா சிலிண்டர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிடும். அப்புறம் ரிங் என்ன பண்ணும், பாவம்?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹீட்டரைப் போட்டுக்கிட்டு யாரைக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க?"

அக்கா புருஷனிடம் எல்லாரும் அடிக்கும் கேலிதான். ஆனால் ஷார்ஷெனின் காது மடல் சிவந்தது. அவர் குனிந்து, கீழே கிடந்த ஆயில் மூடியை எடுத்து, பார்க்க ஒன்றுமில்லாத அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இமாஷ் அக்காவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"விளையாட்டுக்குச் சொன்னேன்க்கா."

ஜூராகானுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பயணி சேரவில்லை என்று தாமதமாக வரும் நாட்கள். சூடாக்கிச் சூடாக்கி வற்றிப்போன சூப்பு. எப்போதாவது சவரம் செய்கிற மனிதர் இப்போதெல்லாம் வண்டி எடுக்கும்போதெல்லாம் வழவழவென்று செய்துகொண்டு போவது.

"இதுக்கு என்னடா வைத்தியம்?" என்றாள் தம்பியிடம்.

"தோலோன் கணவாய் ஏத்தத்துல விரட்டி ஓட்டணும். புகை குறைஞ்சா ரிங் பிழைச்சுது. இல்லைன்னா மறுபடி பிரிக்கணும்."

ஷார்ஷென் ஏறி உட்கார்வதற்குள் அவள் முன்சீட்டில் இருந்தாள்.

"நீ எதுக்கு?"

"புகையைப் பார்க்க ஆள் வேணாமா?"

ஏற்றத்தில் எஞ்சின் அலறியது. பக்கக் கண்ணாடியில் நீலமாகச் சுருண்டு சுருண்டு ஓடியது சாலை. அவள் தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள்.

உச்சியை நெருங்கும்போது புகை மெலிந்திருந்தது. லாரிகள் ஒதுங்கும் இடத்தில் ஷார்ஷென் வண்டியைத் திருப்பப் போனார்.

"திருப்பாதீங்க."

"குறைஞ்சிடுச்சே."

"நிக்கிற இடத்துக்குப் போங்க. அவ மூஞ்சியை நான் பார்க்கணும்."

அவர் ஸ்டியரிங்கை நேராக்கினார். பிறகு மலையின் அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கினார்.

அடிவாரத்து ஊரான கோச்கோரில் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு இரும்பு கேட்டின் எதிரே வண்டி நின்றது. எஞ்சினை அவர் அணைக்கவில்லை.

அந்த கேட்டை ஜூராகானுக்குத் தெரியும். ஷார்ஷெனின் தம்பியை கடந்து வந்த அதே கணவாயில் இடித்துக் கொன்ற லாரிக்காரனின் வீடு. இரண்டு வருடம் முன்பு அவர்களுடைய ஒரே மகள் கெரெஸ் அந்த வீட்டுப் பையனோடுதான் போனாள். அன்று உறவுக்கூட்டம் பார்த்திருக்க, ரொட்டியைக் கையில் பிடித்து ஷார்ஷென் சத்தியம் செய்தார். அந்த வாசலை மிதிக்க மாட்டேன், அவள் பெயர் என் வீட்டில் கேட்கக் கூடாது.

அன்றிலிருந்து ஜூராகான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அழுகை வந்தால் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விடுவாள்.

"வாசலை நான் மிதிக்கல," என்றார் ஷார்ஷென், கேட்டைப் பார்த்தபடி. "இன்னிவரைக்கும் மிதிக்கல."

அவள் வெடுக்கென்று அவர் பக்கம் திரும்பினாள். இரண்டு வருடம். என்னை வாயடைக்க வைத்துவிட்டு, நீங்கள் மட்டும்.

அதைச் சொல்ல வாய் திறந்தபோது, எஞ்சின் சத்தம் கேட்டு கேட் திறந்தது.

தோளில் மெத்தைத் துணிச் சுருளோடு ஒரு பெண் வெளியே வந்தாள். தலை குனிந்து, பனிக்கட்டியில் காலை ஊன்றி ஊன்றி, நேராக வேனுக்கு வந்தாள். பழகிய கை. நிமிர்ந்து பார்க்காமலே முன்கதவைத் திறந்தாள்.

சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

கெரெஸ் அப்படியே நின்றாள். துணிச் சுருள் அசைந்தது. கம்பளி உறை போட்ட ஒரு சின்னப் பாதம் வெளியே நீண்டு உதைத்தது.

திறந்த கதவு வழியே குளிர் உள்ளே பாய்ந்தது.

ஜூராகான் புருஷன் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏறுடி. பிள்ளைக்குக் குளிருது."