கிழக்குப் பார்த்த பேனல்

“பேனலைத் திருப்பினது யாரு?”

ஏணியிலிருந்து இறங்கியபடியே சோலார் டெக்னீஷியன் கேட்டான்.

“நான்தான் தம்பி,” என்றாள் தையல்காரம்மா. மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மிதித்துக்கொண்டிருந்த கால் மட்டும் நின்றது.

“நட்டு மேல சிவப்புப் பெயின்ட் எதுக்கு வெச்சோம்? யாரும் கை வைக்கக் கூடாதுன்னுதானே? அது உடைஞ்சு கிடக்கு.”

“ஸ்பேனர் போட்டுத்தான் தளர்த்தினேன். சைக்கிள் கடைக்காரர் குடுத்தார்.”

“மூணு மாசம் முன்னாடி, திசைகாட்டி வெச்சுத் தெற்குப் பார்த்து நானே மாட்டினது. இப்ப கிழக்குப் பார்த்து நிக்குது. ஏன்மா?”

“சூரியன் கிழக்காலதானே வருது? வர்றவரை வாசல்லயே வரவேற்கலாம்னு.”

“சாயங்காலம் வழியனுப்ப வேண்டாமா? மத்தியானத்துக்கு மேல இதுல சரியா வெயிலே விழாது. லைட் எத்தனை மணி வரைக்கும் எரியுது?”

“எட்டு. முன்னாடி பத்து வரைக்கும் எரிஞ்சுது.”

மூலையில் தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. டெக்னீஷியன் அதைப் பார்த்தான். அவளையும் பார்த்தான்.

மின்கம்பி எட்டாத ஊர். முதல் லோடில் பன்னிரண்டு வீடுகளுக்குத்தான் சோலார் வந்திருந்தது. யாராவது பேனலில் கை வைத்தால் அதைக் கழற்றி, பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு மாட்டிவிட வேண்டும் என்பது விதி. அடுத்து இருப்பது மேற்கே மேட்டில் இருக்கும் கொத்தனார் வீடு. புகார் கொடுத்ததும் கொத்தனார் மனைவிதான். சாக்கடைத் தண்ணீர் யார் வாசல் வழியாகப் போவது என்ற சண்டையில் இரண்டு வீட்டுக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

“வேற காரணம் ஏதாவது இருந்தா சொல்லுங்கம்மா. இல்லேன்னா இன்னிக்கே கழட்டணும்.”

“கழட்டணும்னா கழட்டிக்குங்க தம்பி. இருந்தா இப்படியே இருக்கட்டும்.”

பிடிவாதத்துக்கும் ஓர் அளவு உண்டு என்று நினைத்துக்கொண்டே படிவத்தை எடுத்தான். அதில் இரண்டு கட்டங்கள்: ‘பயனாளி தவறு’, ‘பொருத்தியவர் தவறு’. டிக் போடுமுன் புகார்தாரரைப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மேடேறினான்.

“வாங்க சார், இன்னிக்கே மாட்டிருவீங்களா?” என்றாள் கொத்தனார் மனைவி. “தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்த கதையா, குடுத்த பேனலை இஷ்டத்துக்குத் திருப்பி வெச்சிருக்கா. இங்க நான் இவருக்கு மருந்து குடுக்கச் சிம்னி விளக்கோட அல்லாடுறேன்.”

ஒரே அறை. அதற்கு ஒரே ஜன்னல், தாழ்வானது. கழுத்தில் பட்டை போட்ட கொத்தனார் இரண்டு தலையணையில் சாய்ந்து, அந்த ஜன்னலைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தார்.

“இப்ப எப்படி இருக்கு?” என்று டெக்னீஷியன் விசாரித்தான்.

“சாரத்துலேருந்து விழுந்து நாலு மாசம் ஆச்சு சார். தலையைத் திருப்பக் கூடாது. இந்த ஜன்னல்தான் நமக்கு டிவி.” கொத்தனார் மெல்லச் சிரித்தார். “இப்பவாவது பரவாயில்ல. நடுவுல ரெண்டு மாசம், காலையில ஒரு வெளிச்சம் வந்து கண்ணைப் பிடுங்கிடும். முக்கால் மணி நேரம் கையால மூடிக்கிட்டே கிடப்பேன்.”

“ஜன்னலைச் சாத்தலாமே?”

“சாத்தினா மூச்சு முட்டுது சார்.”

“கண்ணுல பூ விழுந்துடுச்சோன்னு பயந்துட்டேன்,” என்றாள் மனைவி. “நல்லவேளை, போன மாசம் தானாவே சரியாயிடுச்சு.”

டெக்னீஷியன் கொத்தனாரின் தலை இருந்த உயரத்துக்குக் குனிந்து வெளியே பார்த்தான். நேர் கீழே தையல்காரம்மாவின் வாசல், அதற்கு மேலே அவள் வீட்டுப் பேனல். அது தெற்குப் பார்த்து இருந்தவரை, காலை வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறித்து இந்தக் கட்டிலுக்குத்தான் வந்திருக்கும். மாட்டிய அன்று, நிழல் எங்கிருந்து விழும் என்று நாலு பக்கமும் பார்த்தான். வெளிச்சம் எங்கே போய் விழும் என்று பார்க்கவில்லை.

“கையெழுத்து எங்க சார் போடணும்?”

“இருங்கம்மா.”

அவன் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பேனாவைத் திறந்து கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டு, ‘பொருத்தியவர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான்.

“தப்பு எங்க பக்கம்தான்மா. அடுத்த லோடுல முதல் பேர் உங்களோடது.”

“அப்ப அவளுக்கு ஒண்ணுமில்லையா?” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே அவள் கையெழுத்துப் போட்டாள்.

கீழே தையல்காரம்மா பல்பைக் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தாள்.

“மறுபடி மாட்டிக்குங்கம்மா. பேனல் இப்படியே இருக்கட்டும்.”

அவள் மேட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“அவகிட்ட சொல்லிட்டீங்களா தம்பி?”

“இல்ல. நீங்களே சொல்லியிருக்கலாமே? நாலு வருஷச் சண்டையும் தீர்ந்திருக்கும்.”

“உங்களுக்கு அவளைத் தெரியாது,” என்றபடி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள் தையல்காரம்மா. “என் தயவுன்னு தெரிஞ்சா ரோஷத்துல ஜன்னலையே சாத்திடுவா. அந்த மனுஷனுக்குக் காத்து வேணும் தம்பி.”