வழித்துணை

பேருந்து வந்து நின்றதும் தலைவி பின்வாசல் வழியாக ஏறப் போனாள்.

உள்ளேயிருந்து இறங்கியவர்கள் அவளை நடைபாதைக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கூட நின்றிருந்த தையல் அக்கா முன்வாசலைப் பார்த்து நடந்தார். தலைவியும் முதலிலிருந்தே அதைத்தான் நினைத்திருந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

பசுமை அணியில் அவளைத் தலைவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினேழு வயதுக்குள் பேருந்தைப் பற்றி எட்டுச் சுவரொட்டிகள் வரைந்திருக்கிறாள். ‘காரை வீட்டில் விடு, ஊரோடு சேர்ந்து போ’ என்ற வாசகம் அவளுடையதுதான். அணியே அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறது.

ஒரே ஒரு சங்கடம். தலைவி இதுவரை பேருந்தில் ஏறியதே இல்லை.

எங்கே போவதென்றாலும் அப்பாவின் கார்தான். அணிக் கூட்டத்துக்கும் அப்படித்தான். ஒரு தெரு முன்னாலேயே இறங்கி, நெரிசலில் நசுங்கி வந்தவள் போலத் தலையைக் கொஞ்சம் கலைத்துக்கொண்டு உள்ளே நுழைவாள்.

சனிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் அணி சார்பாக ஒருவர் மைக் பிடிக்க வேண்டும். அது தான்தான் என்று தலைவி சித்தி, மாமா, பக்கத்து வீடு வரை சொல்லி முடித்துவிட்டாள். ஆனால் அணியை நடத்தும் சார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

வேறு நாடுகளிலிருந்து புதிதாக வந்தவர்களையும் அணிப் பிள்ளைகளையும் அவர் ஜோடி சேர்த்திருந்தார். பேருந்து பழகியவர் பழகாதவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முடிவில், ‘இனி இவர் தனியாகப் போவார்’ என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் வந்தால்தான் மைக்.

தலைவிக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. தையல் அக்கா, காலை பத்து மணி, நூலக நிறுத்தம். கையெழுத்துத் தாள் அங்கே வந்துவிடும் என்றார் சார்.

புதிதாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே என்று இரண்டு நாட்கள் உட்கார்ந்து, பேருந்தில் போவது எப்படி என்று வீடியோ பார்த்துப் படித்தாள். வீடியோவில் வாசலைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

உள்ளே ஏறியதும் தன் பயண அட்டையை ஓட்டுநரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஓட்டுநர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அக்கா தன் அட்டையை அங்கிருந்த இயந்திரத்தில் வைத்து எடுத்தார். ‘பீப்’ என்றது. தலைவியும் வைத்து எடுத்தாள்.

சொல்லிக் கொடுக்காமலே பிடித்துக்கொண்டுவிட்டாரே என்று அக்காவை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பேருந்து ஒரு குலுக்கலோடு கிளம்பியது. தலைவி ஒரு பெரியவரின் மடியில் உட்காரப் போனாள். அக்கா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எப்பவும் கம்பியப் பிடிச்சுக்கணும்க்கா” என்றாள் தலைவி.

அக்கா பணிவாகத் தலையாட்டினார்.

உட்கார இடம் கிடைத்தது. அக்கா இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறதாம். பேச்சு ஒரு தினுசாக இருந்தது. ‘கொஞ்சம் தள்ளிக்கங்க’, ‘அடுத்து எறங்குறீங்களா’ எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ‘மழை’ என்று சொல்வதற்குத்தான் பத்து விரலையும் ஆட்ட வேண்டியிருந்தது. எந்த வகுப்பில் இப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தலைவி யோசித்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கடைக்காரர் கேட்டது திரைச்சீலை என்று புரியாமல் எட்டு ஜன்னலுக்கும் மேசைவிரிப்பு தைத்துக் கொடுத்த கதையை அக்கா சொன்னார். பாதிக்கு மேல் கைதான் பேசியது. பின்சீட்டுக்காரர்கூட முன்னால் சாய்ந்து சிரித்தார். தலைவிக்கு வயிறு வலித்தது.

சிரித்து முடித்தபோது தலைவிக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நல்ல மனுஷி. தெரியாததைத் தெரியாது என்று ஊர் கேட்கச் சொல்கிறார். இவருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மைக் போனால் போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

“அக்கா, நான் இதுக்கு முன்னாடி பஸ்ல ஏறினதே இல்ல.”

“தெரியும்மா” என்றார் அக்கா. பைக்குள் கைவிட்டு, நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார்.

சாரின் குண்டு எழுத்து. ‘பழகியவர்’ என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. ‘பழகாதவர்’ என்ற இடத்தில் தலைவியின் பெயர்.

அணியில் சேர்ந்தபோது ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தாள். பேருந்தில் எத்தனை முறை போயிருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்திருந்தாள். சார் அதையெல்லாம் உட்கார்ந்து படிப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

காது மடல்வரை சூடேறியது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கேலி எதுவும் அங்கே இல்லை. தலைவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் இருவராலும் நிறுத்த முடியவில்லை.

பேருந்தின் ஆட்டத்தில், முழங்காலில் வைத்து, அக்கா கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். தாளை அவள் கையில் திணித்துவிட்டு, வண்டியை நிறுத்தச் சொல்லும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

“மிச்சம் மூணு ஸ்டாப். நீ மட்டும்.”

பின்வாசல் வழியாக இறங்கி, திரும்பிப் பார்க்காமல் தையல் கடைப் பக்கம் நடந்தார்.

தலைவி ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒன்று போனது. இரண்டு போனது.

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது, மூடியது.

தலைவி எழுந்திருக்கவில்லை. இந்தப் பேருந்து எங்கே போய் முடிகிறது என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.